இடது பக்கம் இருந்த மவுஸ்

வேதா, போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு இதுதான் பதில். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். காகிதத்தில் எழுத உட்கார்ந்தால் அப்படி நழுவ முடியாது. மவுஸ் வாங்குவதைப் பற்றிப் பெண்ணுக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதிய பைத்தியக்காரன் காஞ்சிபுரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரித்துக்கொள். சிரித்துவிட்டுக் கடைசி வரை படி.

வலது மணிக்கட்டில் வலி என்றாய். கட்டை விரலிலிருந்து நடு விரல் வரை மரத்துப்போகிறது என்றாய். காலையில் எழுந்ததும் கையை உதறி உதறித்தான் பல் தேய்க்கவே போகிறேன் என்றாய். "கைக்கு நல்லதா ஒரு மவுஸ் வாங்கிக்கோன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாப்பா. நீதான் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ரூம் பார்த்துண்டியே, எது வாங்கட்டும்?" என்று கேட்டாய். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வைக்கப் போகிற நேரத்தில், "எதுவானாலும் ரைட் ஹேண்டுக்குத்தானேப்பா பாக்கணும்?" என்றும் கேட்டாய். சாதாரணமாகத்தான் கேட்டாய். நானும் "ஆமா, பின்னே?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அந்த "பின்னே"யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

கையை உதறிக்கொண்டு எழுந்தவளை இந்த வீட்டில் நான் முன்பே பார்த்திருக்கிறேன். உன் அம்மா அப்படித்தான் எழுவாள். கிணற்றடியில் நின்று, தண்ணீர் சொட்டுகிற கையை உதறுவது போல, உலர்ந்த கையை உதறுவாள். நான் காபிக்காகக் காத்துக்கொண்டிருப்பேன். என்ன உதறல் என்று கேட்டதில்லை. அந்தக் கையின் கதை உனக்குத் தெரிந்ததுதான். என் வாயால் சொல்லி நீ கேட்டதில்லை, அவ்வளவுதான்.

உனக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது பட்டுத்தறி வைத்திருந்த முனிரத்தினம் நம் வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். அதுவரை அவர் தறிகளுக்கு அம்மா கட்டம் போட்ட காகிதத்தில்தான் டிசைன் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கோலம் போடுகிற கை, கணக்காகப் புள்ளி வைக்கும். ஒரு கட்டம் என்றால் ஓர் இழை. அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள், அட்டை சொல்கிறபடி தறியில் இழை எழும்பும். கம்ப்யூட்டர் வந்ததும் காகிதம் போய்த் திரை வந்தது. கட்டம் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொடுக்கு. ஒரு மயிலின் கழுத்துக்கே எத்தனை கட்டம் என்று நீயே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், கூடத்திலிருந்து டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் பல்லி சொல்வது போல அதுவும் ஒரு சத்தம் என்று பழகிப்போயிற்று.

அந்த நாட்களில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் எது தெரியுமா? பள்ளிக்கூடம் விட்டு, கோயிலில் சேவித்துவிட்டு, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு நம் தெருவுக்குள் நுழையும் நேரம். வாசலில் நீ நின்றுகொண்டிருப்பாய். என்னைப் பார்த்ததும் தெருவே கேட்கிற மாதிரி "அப்பா வந்தாச்சு!" என்று கத்துவாய். இவ்வளவு பெரிய பெண் இன்னும் குழந்தை மாதிரி கத்துகிறாளே என்று எதிர் வீட்டு மாமி சிரிப்பாள். எனக்குப் பெருமை தாங்காது. வகுப்பில் பையன்கள் என்னைக் கண்டு நடுங்குவார்கள். வீட்டில் என் வரவுக்காக ஒருத்தி வாசலில் நிற்கிறாள் என்ற நினைப்பிலேயே நான் சைக்கிளை மிதித்திருக்கிறேன்.

அம்மாவுக்குக் கை வலி எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. எப்போது என் கண்ணில் பட்டது என்பது தெரியும். ஒரு மார்கழிக் காலையில் வாசல் கோலத்தில் ஒரு வளைவு நெளிந்திருந்தது. "என்னடி, பெருமாள் கோயில் யானை மிதிச்ச மாதிரி இருக்கு?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் பரிமாறும்போது சாத்தமுது கரண்டி கையிலிருந்து நழுவியது. பிறகு உனக்குப் பின்னல் போடுவதை நிறுத்திவிட்டு, "நீயே போட்டுக்கோடி, பெரியவளாயிட்டே" என்றாள். வளர்ந்த பெண்ணுக்குப் பொறுப்பு வரட்டும் என்று சொல்கிறாள் என நினைத்தேன். கணக்கு வாத்தியாருக்கு இந்த மூன்றையும் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததை நீ நேரில் பார்த்தாய். பெருமாள் கோயில் தாயாருக்குச் சாத்துவதற்காக ஒரு புடவைக்கு முனிரத்தினம் டிசைன் கேட்டிருந்தார். முந்தானை முழுவதும் சங்கும் சக்கரமும். அன்று கோயிலுக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ வாசலில் இல்லை, உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். கூடத்தில் அம்மா மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு இடது கையால் சக்கரத்தின் பற்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

"என்னது இது? தாயார் புடவைக்கு இடது கையாலயா?" என்றேன்.

"ஏன்னா, ரொம்ப வலிக்கறது. இந்தக் கை கொஞ்சம் இருக்கட்டுமேன்னு..."

"வலிச்சா நிறுத்து. இல்லேன்னா பெருமாள் காரியத்தைச் சோத்தாங்கையால பண்ணு. இதென்ன அபசாரம்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாகச் சொன்னாள். "பெருமாளே சங்கை இடது கையிலதானேன்னா பிடிச்சுண்டிருக்கார்?"

 பதில் இல்லாதபோது மனிதன் என்ன செய்வானோ அதைச் செய்தேன், கத்தினேன். எனக்கே வேதம் சொல்கிறாயா என்றேன். இன்னும் என்னென்னவோ. நீ நோட்டைப் பிடித்துக்கொண்டு உள்கட்டு வாசலில் நின்றது கடைக்கண்ணில் தெரிந்தது.  அம்மா மவுஸைத் தூக்கி வலது பக்கம் வைத்தாள். மடியில் கிடந்த கையை எடுத்து அதன் மேல் வைத்தாள். டிக் டிக் என்று மறுபடி கேட்க ஆரம்பித்தது. நான் திருப்தியாகக் கால் அலம்பப் போனேன்.

நீ ஏன் அப்படி நின்றாய் என்பதும் எனக்குத் தெரியும். உனக்குப் பிறவியில் இடது கைதான். மூன்று வயதில் பலப்பத்தை இடது கையால்தான் எடுத்தாய். சாதத்தில் இடது கையை வைத்தாய். பிரசாதம் வாங்க இடது கையை நீட்டினாய், அர்ச்சகர் எதிரில் எனக்கு மானம் போயிற்று. என் கைக்குட்டையை எடுத்து உன் இடது கையை மடக்கிக் கட்டினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு கோடை விடுமுறை முழுக்க. நீ வலது கைக்காரியானாய். நான் திருத்திவிட்டேன் என்று ஆசிரியர் அறையில் பெருமை பேசினேன். உன் வலது கை இன்று மரத்துப்போவதற்கு அது காரணமா, எனக்குத் தெரியாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கைக்குட்டையின் ஓரத்தில் நீலக் கோடு போட்டிருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

புடவை நெய்து வந்தது. தாயாருக்குச் சாத்திய அன்று சன்னதியில் நின்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களிடம் "நம்மாத்துக்காரி போட்ட டிசைன்" என்று சொன்னேன். அவள் பின்னால் வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் கட்டை விரலடிச் சதை வற்றி, அங்கே பள்ளம் விழுந்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, கைக்கு ஓய்வு வேண்டும், தேவைப்பட்டால் சின்னதாக ஆபரேஷன் செய்யலாம் என்றார். நான் தைலம் வாங்கி வந்தேன். "தேச்சுக்கோ, போயிடும்" என்றேன். அவள் தேய்த்துக்கொண்டாள். போகவில்லை. டிசைன் போடுவதையும் அவள் விடவில்லை. அதை நிறுத்தச் சொன்னால் அவளுக்கு மூச்சு முட்டும் என்று எனக்கே தெரியும்.

நீ சென்னையில் விடுதியில் இருந்தபோது அவள் போனாள். மதியம் நெஞ்சை அடைக்கிறது என்று எதிர் வீட்டு மாமியைக் கூப்பிட்டிருக்கிறாள். பள்ளிக்கு ஆள் வந்து சொல்லி நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கையால் வந்த சாவு இல்லை அது. எனக்குத் தெரியும். ஆனாலும் கடைசியாக நான் பிடித்துப் பார்த்தது அந்தக் கையைத்தான், அந்தப் பள்ளத்தில்தான் என் விரல் போய் நின்றது. கம்ப்யூட்டரை மாமியே அணைத்து உறையை மாட்டியிருக்கிறாள். அந்த உறையை நான் நான்கு வருஷமாகத் தொடவில்லை. கூடத்தில் அது உட்கார்ந்திருந்தது, நான் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். சில சமயம் பேப்பர் படிக்கும்போது டிக் என்று கேட்கும். நிமிர்ந்து பார்ப்பேன். பல்லியாக இருக்கும்.

நீ போன் செய்த மறுநாள்தான் உறையைக் கழற்றினேன். அம்மா பிடித்த மவுஸ் என்ன அளவு, எங்கே அழுத்தியிருக்கும் என்று பார்த்தால் உனக்குச் சொல்ல உதவும் என்று நினைத்தேன். மவுஸ் கீபோர்டுக்கு இடது பக்கம் இருந்தது. ஒயரைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தாள். மாமி துடைக்கும்போது நகர்த்தியிருப்பாள் என்று எடுத்து வலது பக்கம் வைத்தேன். மெஷினைப் போட்டேன். முனகிக்கொண்டே உயிர் வந்தது. திரையில் ஒரு படத்தின் மேல் வைத்து அழுத்தினால் திறக்கவில்லை, குட்டி மெனு ஒன்று விழுந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அதே மெனு. பட்டன் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பத்து வருஷம் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாக இருந்தவன் வேதா நான். எத்தனை நிமிஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பிறகுதான் உறைத்தது. பட்டன்கள் இடம் மாற்றப்பட்டிருந்தன. செட்டிங்கில் போய்ப் பார்த்தேன். இடது கைக்காரருக்கான இடத்தில் குறி இருந்தது.

அன்று சாயங்காலமே முனிரத்தினம் வீட்டுக்குப் போனேன். தறிக் கூடத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். கேட்டதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னா சாமி, உங்களுக்குத் தெரியாதா? அம்மா எடக் கையாலதானே போட்டுக்கினு இருந்தாங்க. நான் எப்போ வந்தாலும் அப்பிடித்தான்."

"தாயார் புடவை?"

"அதுந்தான். நீங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் போட்டு முடிச்சாங்க. சாமிகிட்ட சொல்லாதீங்கன்னாங்க, நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்?"  பிறகு சொன்னார். "பாப்பா இருந்திச்சே, அது வாசல்ல நின்னுக்கினு ஒரு கொரல் குடுக்கும். ஒடனே அம்மா எதையோ மாத்திட்டு இந்தாண்ட கையை வெச்சிக்குவாங்க. நானே பாத்து சிரிச்சிருக்கேன் சாமி."

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. தெருவுக்குள் நுழையும்போது பழக்கத்தில் சைக்கிள் மணியை அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் நினைத்தேன், நீ விடுதிக்குப் போன பிறகு அவள் இந்த மணிக்குத்தானே காது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்! ஒவ்வொரு நாளும் மணி கேட்டதும் மாற்றியிருப்பாள். அந்த ஒரு நாள் மட்டும் நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன், தெருவில் மணி அடிக்க யாரும் வரவில்லை. அதனால்தான் மவுஸ் இடது பக்கமே நின்றுவிட்டது. நான் வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில், விடுமுறைகளில், சாயங்காலங்களில், என் கண் முன்னால், அந்த வற்றிப்போன வலது கையால் அவள் சொடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டு நான் பேப்பர் படித்திருக்கிறேன். இதை எந்தத் தைலம் போட்டுத் தேய்ப்பது?

சரி, உன் மவுஸுக்கு வருகிறேன். வியாழக்கிழமை பஸ் ஏறிச் சென்னைக்கு, ரிச்சி தெருவுக்குப் போனேன். கல்யாணப் புடவை எடுப்பவன் மாதிரி பத்து மவுஸை எடுத்துப் போடச் சொல்லி ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமைசாலி. பார்த்ததைச் சொல்கிறேன். அழகைப் பார்த்து வாங்காதே. சின்ன மவுஸ் வேண்டாம், விரலை மடக்கிப் பறவைக் கால் மாதிரி பிடிக்க வேண்டியிருக்கிறது. உள்ளங்கை முழுதும் அதன் மேல் படிந்து உட்கார வேண்டும், மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கக் கூடாது. பட்டன் தொட்டாலே இறங்க வேண்டும். உருண்டையைக் கட்டை விரலால் உருட்டுகிற வகை ஒன்று இருந்தது. மணிக்கட்டை நகர்த்தவே வேண்டாம் என்றார். ஆனால் வேலையெல்லாம் கட்டை விரலுக்குப் போகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை, ஏன் என்று உனக்குத் தெரியும். ஒருவருக்குக் கை கொடுக்கிற மாதிரி பக்கவாட்டில் நிமிர்ந்து பிடிக்கிற மவுஸ் ஒன்று இருந்தது. அதில் கை வைத்ததும் முழங்கை வரை இறுக்கம் விட்டது. இதுதான் என்று தோன்றியது.

"இதுல இடது கைக்கு இருக்குதா?" என்று கேட்டேன்.

"லெஃப்ட் ஹேண்டா? யாருக்கு சார்?"

"என் பொண்ணுக்கு. அவளுக்கு இடது கைதான்."

கைக்குட்டை கட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அந்த வாக்கியத்தை நான் வெளியில் ஒருவரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. "நல்ல ஷேப்புல வர்றதெல்லாம் ரைட்டுக்குத்தான் சார். இது லெஃப்ட்டுக்கு வேணும்னா ஆர்டர் போடணும், ஒரு மாசம் ஆகும்" என்றார். போடச் சொல்லிவிட்டேன். உன் ஆபீஸில் ஏதாவது வாங்கித் தந்தால் வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வரும்வரை, இரண்டு கைக்கும் பொதுவாக நடுவில் புடைத்த சாதாரண மவுஸ் ஒன்றை வாங்கி, பட்டனை மாற்றிக்கொண்டு இடது பக்கம் வை. கீபோர்டை ஒட்டி வை, கையை எட்டிப் பிடிக்காதே. முதல் வாரம் தடுமாறும், எழுதப் பழகிய குழந்தை மாதிரி இருக்கும். உனக்கு அது புதிதில்லை, திரும்பிப் போவதுதான். எந்த மவுஸும் மருந்தில்லை. நல்ல டாக்டரைப் பார். ஓய்வு என்று சொன்னால் ஓய்வு எடு. ஆபரேஷன் என்று சொன்னால் எனக்குப் போன் பண்ணு, நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். தைலம் கொண்டுவர மாட்டேன்.

பட்டனை மாற்றுவது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்குக் கம்ப்யூட்டரில் அதெல்லாம் தெரியாது, நான் சொல்லித் தரவில்லை. வீட்டில் மூன்றே பேர்தான் இருந்தோம். பதிமூன்று வயதில் அவள் கையைப் பார்த்தவள் நீ. என்னைத் திருத்த முடியாது என்று தெரிந்து, மவுஸைத் திருத்திக் கொடுத்தாய், மாற்றி மாற்றிப் போடவும் அவளுக்குச் சொல்லித் தந்தாய். உன்னை நான் குறை சொல்வேனா? அந்தக் கையில் கொஞ்சம் உயிர் மிஞ்சியிருந்ததென்றால் அது உன்னால். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாயே, அதுவும் அவள் கேட்டுக்கொண்டதாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியை நீ என்னைச் சோதிக்கத்தான் கேட்டாயோ என்றுகூடத் தோன்றுகிறது. அப்படியென்றால் நான் தோற்றுவிட்டேன், இந்தக் கடிதத்தை மறுதேர்வாக வைத்துக்கொள்.

கம்ப்யூட்டருக்கு இப்போது உறை போடுவதில்லை. மவுஸை மறுபடி இடது பக்கமே வைத்துவிட்டேன், குறியையும் மாற்றவில்லை. லீவில் நீ வரும்போது அப்படியேதான் இருக்கும். வாசலில் யாரும் நிற்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், போனில் வேண்டாம், எழுதிப் போடு. எந்தக் கையால் வேண்டுமானாலும் எழுது. "அப்பா வந்தாச்சு" என்று அத்தனை வருஷம் கத்தினாயே, அதில் ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, நான் வந்துவிட்ட சந்தோஷம் இருந்ததா? இல்லையென்றால் இல்லை என்றே எழுது, குழந்தே. நான் தாங்கிக்கொள்வேன்.

அப்பா